ரோபோ ஆபரேஷன்: எங்க வீட்டு அனுபவம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் ஆம்பூர் பக்கத்துக் கிராமம். பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுவில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகுது. கூட்டத்துல தீர்மானம் படிச்சிருக்கேனே தவிர, இப்படி மைக் முன்னாடி நின்னு பேசினது கிடையாது. "உங்க வீட்டுல நடந்ததை நீயே சொல்லும்மா, நாலு பேருக்கு உபயோகப்படும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனாலதான் நிற்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நான் பேசப்போறது மூத்திரம் சம்பந்தமான நோயைப் பத்தியும், இப்போ புதுசா வந்திருக்கிற ரோபோ ஆபரேஷனைப் பத்தியும். பின்னாடி வரிசையில சிரிக்கிற சத்தம் கேக்குது. பரவாயில்லை, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சிரிச்சேன். அந்த வெட்கத்தாலதான் எங்க வீட்டுல ஒரு உயிர் போச்சு. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

எங்க மாமனார் முப்பது வருஷம் டேனரியில சாயம் போடற டிரம்ல வேலை செஞ்சவர். பீடியும் பிடிப்பார். ஒரு நாள் அவருக்கு மூத்திரம் சிவப்பா போயிருக்கு. வலி இல்லை, எரிச்சல் இல்லை. "உடம்பு சூடு"ன்னு நினைச்சு இளநீர் குடிச்சார், வெந்தயம் ஊற வெச்சுச் சாப்பிட்டார். ரெண்டு நாள்ல நின்னு போச்சு. அடுத்த மாசம் மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் நின்னுச்சு. இப்படியே எட்டு மாசம். வேட்டி துவைக்கிறப்போ எங்க அத்தை கறையைப் பார்த்திருக்காங்க. மருமககிட்ட, மகன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு அவங்களும் வாய் திறக்கலை. கடைசியில மூத்திரம் அடைச்சு, வயிறு உப்பி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். மூத்திரப்பையில புற்றுநோய், வெளியேயும் பரவிடுச்சுன்னு சொன்னாங்க. நாலு மாசம்தான் இருந்தார்.

அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வலி இல்லாம மூத்திரத்துல ரத்தம் வர்றதுதான் மூத்திரப்பை புற்றுநோய்க்குப் பெரிய அடையாளம். அது தானா நின்னு போறதால, சரியாயிடுச்சுன்னு நாம ஏமாந்துடறோம். பீடி, சிகரெட் இதுக்கு முதல் காரணம். பழைய காலத்துல தோலுக்கும் துணிக்கும் போட்ட சில சாயங்கள்ல பென்சிடின்னு ஒரு பொருள் இருந்துச்சு. அதுவும் மூத்திரப்பையில புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியாகி, அந்தச் சாயங்களை நம்ம நாட்டுல 1990-கள்லயே தடை பண்ணிட்டாங்க. எங்க மாமனாருக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு இந்த பெல்ட்ல தோல் வேலை செய்யாத குடும்பம் எத்தனை இருக்கு? அதனால நாம கொஞ்சம் கூடுதலா கவனமா இருக்கணும்.

இப்போ எங்க வீட்டுக்காரர் கதைக்கு வரேன். அவரும் டேனரிதான், ஃபினிஷிங் செக்‌ஷன்ல ஸ்பிரே அடிக்கிற வேலை. காண்ட்ராக்ட் ஆளு, அதனால ஈ.எஸ்.ஐ. கிடையாது. நாற்பது வயசுலேயே சர்க்கரை வந்துடுச்சு. 2023-ல பொங்கல் முடிஞ்சு முதுகு வலிக்குதுன்னு சொன்னார். தைலம் தேய்ச்சா போயிடும்னார். மாமனார் ஞாபகம் வந்து நான் விடலை. "ஒரு ஸ்கேன் எடுத்தாத்தான் சோறு போடுவேன்"னு சொல்லிட்டேன். முதுகுவலிக்குக் காரணம் வேற, சாதாரண பிடிப்புதான். ஆனா அந்த ஸ்கேன்ல இடது கிட்னியில எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி தெரிஞ்சுது. அப்புறம் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். மூன்றரை சென்டிமீட்டர். கிட்னி கட்டி சின்னதா இருக்கிறப்போ வெளியே ஒண்ணும் காட்டாதாம். நிறைய பேருக்கு இப்படித்தான், வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப்போய்த் தெரியுமாம்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம். பத்து நிமிஷம் பேசினாங்க. கிட்னியையே எடுத்துடணும், ரோபோ வெச்சு எடுப்போம், மூன்றரை லட்சம் ஆகும், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா வர்ற திங்கட்கிழமை ஆபரேஷன்னு சொன்னாங்க. ஏன் முழு கிட்னியும் எடுக்கணும், ரோபோ எதுக்குன்னு கேக்க எங்களுக்கு நாக்கு வரலை. புற்றுநோய்ன்னு காதுல விழுந்ததும் கை கால் ஓடலை. "கையெழுத்து போடுங்க"ன்னு பேப்பரை நீட்டினாங்க. பணம் எடுத்துட்டு வரோம்னு சொல்லிட்டு வெளியே வந்துட்டோம்.

அன்னைக்கு ராத்திரி என் தாலிச் செயினையும் பொண்ணோட கம்மலையும் எடுத்து வெச்சேன். அது போதாது. தெருவுல பத்து வட்டிக்குக் கொடுக்கிறவர்கிட்ட வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கறதா பேசி வெச்சாச்சு. மறுநாள் வியாழக்கிழமை, எங்க குழுக் கூட்டம். சந்தா கட்டிட்டு எழுந்திருக்கலாம்னு போனேன். எங்க ஊக்குநர் அக்கா என் முகத்தைப் பார்த்தே, "இன்னாடி ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அழுதுட்டேன்.

அக்கா ரெண்டு கேள்விதான் கேட்டாங்க. "நாளைக்கே செய்யலைன்னா உயிருக்கு ஆபத்துன்னு சொன்னாங்களா?" இல்லை. "வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" இல்லை. "அப்போ பத்திரத்துல கை வைக்காத"ன்னு சொன்னாங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வேலை செய்யற தங்கச்சி ஒருத்தி எங்க குழுவுலதான் இருக்கா. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு அவ கேட்டா. எங்ககிட்ட இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று வாங்கிக்கிட்டு திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போகச் சொன்னா. குடும்பத்தோட வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா அந்த அட்டை கிடைக்கும். வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் குடும்பத்துக்குச் சிகிச்சை உண்டு. இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்த வசதியை நான் வாங்கி வைக்கலை பாருங்க. நோய் வந்தப்புறம் அட்டைக்கு ஓடறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

அதே கூட்டத்துல தீர்மானம் போட்டு 25,000 ரூபாய் உள்கடன் கொடுத்தாங்க. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. அந்தப் பணத்தோட, விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னைக்குப் போனோம். ஓமந்தூரார் அரசு பல்நோக்கு ஆஸ்பத்திரி. தலைமைச் செயலகத்துக்குன்னு கட்டின கட்டடம் அது, 2014-ல ஆஸ்பத்திரி ஆச்சு. 2022 மார்ச் மாசம் அங்க ரோபோ ஆபரேஷன் பிரிவு தொடங்கினாங்க. 34 கோடி ரூபாய்க்கு மேல செலவு. தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரிக்கு ரோபோ வந்தது அதுதான் முதல். லட்சக்கணக்குல கட்டினாத்தான் கிடைக்கும்னு நாம நினைச்சது, ஏழைகளுக்கும் அங்க கிடைக்குது.

அங்க டாக்டர் ஸ்கேனை லைட்ல வெச்சுப் பார்த்துட்டு சொன்னார்: "கட்டி ஓரமா இருக்கு, சின்னது. கட்டியை மட்டும் சுத்தியும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்தா போதும். மீதி கிட்னி இருக்கட்டும். இவருக்கு சர்க்கரை இருக்கு. பிற்காலத்துல அந்தக் கிட்னி இவருக்கு ரொம்ப வேணும்." அதைக் கேட்டதும் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அந்தத் திங்கட்கிழமை கையெழுத்து போட்டிருந்தா முழு கிட்னியும் போயிருக்குமே!

அப்புறம்தான் எனக்கு தைரியம் வந்து கேட்டேன். "சார், ரோபோன்னா மிஷினே அறுக்குமா? கரண்ட் போனா இன்னா ஆகும்?" அவர் சிரிக்கலை, பொறுமையா சொன்னார். அதை எனக்குப் புரிஞ்ச மாதிரி உங்களுக்குச் சொல்றேன்.

இங்க பாதி பேர் ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் லைன்ல இருக்கீங்க. பவர் மிஷின்ல அப்பர் தைக்கிறீங்க. மிஷின் தானா தைக்குதா? நீங்க கால் வெச்சாத்தான் ஓடுது, உங்க கை திருப்பினாத்தான் திரும்புது. ஆபரேஷன் ரோபோவும் அப்படித்தான். வயித்துல விரல் நுழையற அளவுக்கு நாலஞ்சு துளை போடறாங்க. காத்து ஊதி வயித்தை உப்ப வெக்கிறாங்க, உள்ளே இடம் வேணும் இல்லையா. ஒரு துளை வழியா கேமரா போகுது. மத்த துளைகள்ல கத்தி, கத்தரி, ஊசி பிடிக்கிற குறடு மாதிரி கருவிங்க போகுது. அதையெல்லாம் ரோபோவோட கைங்க பிடிச்சிருக்கும். டாக்டர் அதே ரூம்ல கொஞ்சம் தள்ளி ஒரு மேஜை முன்னாடி உக்காந்து, பத்து மடங்கு பெருசா தெரியற படத்தைப் பார்த்துக்கிட்டே கையை அசைப்பார். அவர் கை அசையற மாதிரிதான் உள்ளே கருவி அசையும். அவர் கையை எடுத்துட்டா அது நின்னுடும். பக்கத்துல இன்னொரு டாக்டரும் நர்ஸும் நோயாளி கூடவே நிற்பாங்க. மிஷின் பழுதானா கருவியை எடுத்துட்டு சாதாரணமா திறந்து செஞ்சு முடிப்பாங்க. அப்படி ஆகலாம்னு நாம கையெழுத்து போடற பேப்பர்லயே எழுதியிருக்கும்.

சரி, துளை போட்டுச் செய்யறது முன்னாடியே இருக்கே, ரோபோ எதுக்கு? துளை வழியா நீட்டற சாதாரண கருவிக்கு மணிக்கட்டு கிடையாது. நீள அகப்பையை வெச்சுக்கிட்டு குடத்துக்குள்ள ஊசி நூல் கோர்க்கிற மாதிரி. ரோபோ கருவி நுனியில நம்ம மணிக்கட்டு மாதிரியே வளையும். கிட்னியில கட்டியை மட்டும் எடுக்கிறப்போ அது பெரிய உபகாரம். ஏன்னா, கிட்னிக்குப் போற ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு நிறுத்தி வெச்சுட்டுதான் வெட்டுவாங்க. சுமார் இருபது, இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள கட்டியை எடுத்து, தையல் போட்டு, கிளிப்பைக் கழட்டணும். ரொம்ப நேரம் ஆனா மிச்சம் வெக்கிற கிட்னி வீணாப்போகும். பீஸ் ரேட்டுக்கு தைக்கிறவங்களுக்கு நிமிஷத்தோட அருமை தெரியும்.

ஆடி மாசம் ஆபரேஷன் ஆச்சு. காலையில உள்ளே போனவர் மதியத்துக்கு மேலதான் வெளியே வந்தார். அந்த நேரம் எப்படிப் போச்சுன்னு சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ரெண்டாம் நாள் எழுப்பி நடக்க வெச்சாங்க. வெட்டின இடத்தைவிட தோள்பட்டை வலிக்குதுன்னார். பயந்துட்டேன். வயித்துல ஊதின காத்தால அப்படி வலிக்கும், ரெண்டு நாள்ல போயிடும்னு நர்ஸம்மா சொன்னாங்க, அப்படியே போயிடுச்சு. அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை செல்லுச்சு. ரயில், சாப்பாடு, நான் தங்கினது, ஒரு மாசம் வீட்டுச் செலவு எல்லாம் குழுப் பணத்துல. பத்திரம் பீரோவுலயே இருக்கு.

பத்து நாள் கழிச்சு பயாப்ஸி ரிசல்ட் வந்துச்சு. கட்டி புற்றுநோய்தான். ஆனா வெட்டின ஓரத்துல நோய் இல்லை, முழுசா வந்துடுச்சுன்னு சொன்னாங்க. இப்பவும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்குப் போறோம். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கும். ஸ்பிரே வேலையை விட்டுட்டார். ஒரு கடையில கணக்கு எழுதறார். சம்பளம் முன்ன மாதிரி இல்லை. ஆள் இருக்கார், அது போதும்.

இதையெல்லாம் கேட்டுட்டு, இனிமே எல்லாத்துக்கும் ரோபோதான் நல்லதுன்னு நினைச்சுக்காதீங்க. அதையும் நான் விசாரிச்சேன். எங்க பொண்ணு நர்சிங் படிக்கிறா, அவளும் படிச்சுச் சொன்னா. அமெரிக்காவுல 2000-ஆம் வருஷம் டாவின்சின்னு ஒரு ரோபோவுக்கு அனுமதி கொடுத்தாங்க. பாண்டிச்சேரி ஜிப்மர்ல படிச்ச மணி மேனன்னு ஒரு டாக்டர்தான் அமெரிக்காவுல டெட்ராய்ட் நகரத்துல, ஆம்பளைங்களுக்கு வர்ற பிராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனை ரோபோவுல செய்யற முறையை வளர்த்து விட்டவர். டெல்லி எய்ம்ஸுக்கு 2006-ல ரோபோ வந்துச்சு. இப்போ நம்ம நாட்டுலயே மந்த்ரான்னு ஒரு ரோபோ செய்யறாங்க. இது எல்லாம் பெருமைதான். ஆனா 2016-ல ஆஸ்திரேலியா டாக்டருங்க, பிராஸ்டேட் ஆபரேஷனைப் பாதி பேருக்கு ரோபோவுலயும் பாதி பேருக்குத் திறந்தும் செஞ்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரோபோவுல ரத்தம் போறது குறைவு. ஆனா மூணு மாசம் கழிச்சு மூத்திரம் அடக்கற சக்தி ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சு. அப்போ செய்யற டாக்டரோட கைப்பழக்கம்தான் முக்கியம்னு ஆகுது.

கிட்னி கல்லுக்கு ரோபோ தேவைப்படறது ரொம்ப அபூர்வம். சின்னக் கல்லு தண்ணியும் மாத்திரையுமா இறங்கிடும். பெருசா இருந்தா அதிர்வு கொடுத்து உடைக்கிறாங்க, இல்லைன்னா மூத்திரப் பாதை வழியாவோ முதுகுல சின்னத் துளை போட்டோ எடுக்கிறாங்க. வயசானவங்களுக்கு பிராஸ்டேட் வீக்கத்துக்கும் பெரும்பாலும் மூத்திரப் பாதை வழியாவே செஞ்சுடறாங்க. முழு கிட்னியும் எடுக்கிற ஆபரேஷனைக்கூட ரோபோ இல்லாம சாதாரண துளை முறையில நல்லா செய்யறாங்க. அதனால ரோபோன்னு யாராவது சொன்னா மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க. பேப்பர்ல எழுதிட்டுப் போங்க:

1. இந்த ஆபரேஷன் கட்டாயமா? எத்தனை நாள் யோசிக்க நேரம் இருக்கு?
2. உறுப்பை முழுசா எடுக்கணுமா, நோய் இருக்கிற பகுதியை மட்டும் எடுத்தா போதுமா?
3. திறந்து செய்யறது, துளை போட்டுச் செய்யறது, ரோபோ, இதுல எங்க ஆளுக்கு எது, ஏன்?
4. செய்யப்போற டாக்டர் இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கார்?
5. மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீடு, ஈ.எஸ்.ஐ. செல்லுமா? எழுதிக் கொடுப்பீங்களா?

கேள்வி கேட்டா நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

இன்னொரு விஷயம் நமக்கே நமக்கு. ஷூ கம்பெனிக்குப் போறவங்க டாய்லெட் போகணுமேன்னு காலையிலிருந்து தண்ணி குடிக்கறதில்லை. புரொடக்‌ஷன் போயிடும்னு அடக்கி வெக்கிறோம். அப்புறம் எரிச்சல், காய்ச்சல், கல்லு. பிரசவத்துக்கு அப்புறம் இருமினா, தும்மினா மூத்திரம் கசியுது, அதை யார்கிட்டயும் சொல்றதில்லை. துணியை மடிச்சு வெச்சுக்கிட்டு வேலைக்குப் போறவங்க இந்தக் கூட்டத்துலயே இருப்பீங்க. அதுக்கு வைத்தியம் இருக்கு. பாதி பேருக்கு மேல பயிற்சியிலேயே நல்ல முன்னேற்றம் தெரியுமாம், ஆபரேஷன்கூட வேண்டாம்.

நம்ம ராணிப்பேட்டையில 1870-ல பிறந்த ஐடா ஸ்கடர் அம்மா கதை உங்களுக்குத் தெரியும். ஒரே ராத்திரியில மூணு வீட்டுல பிரசவத்துக்குக் கூப்பிட வந்தாங்க. ஆம்பளை டாக்டர் பார்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டதால மூணு பொண்ணுங்களும் செத்துப் போனாங்க. அதைப் பார்த்துதான் அவங்க டாக்டருக்குப் படிச்சு, 1900-ல வேலூர்ல ஒத்தைக் கட்டில் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. அதுதான் இன்னைக்கு சி.எம்.சி. இந்தியாவுலேயே முதல்ல கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றியா நடந்தது அங்கதான், 1971-ல. இன்னைக்கு அங்கயும் சிறுநீரகப் பிரிவுல ரோபோ ஆபரேஷன் செய்யறாங்க. வைத்தியம் இவ்வளவு தூரம் வந்துடுச்சு, அதுவும் நம்ம வாசல்லயே. நம்ம வெட்கம் மட்டும் அந்த மூணு வீட்டுலயே நின்னுக்கிட்டு இருந்தா எப்படி?

கடைசியா கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ரெண்டு. மாசத்துல ஒரு கூட்டத்துல பத்து நிமிஷம் உடம்பைப் பத்திப் பேசணும்னு எல்லாக் குழுவும் தீர்மானம் போடணும். காப்பீட்டு அட்டை இல்லாத உறுப்பினர் பேரை எல்லாக் குழுவும் எழுதிக் கொடுத்து, ஒரே நாள்ல எல்லாருக்கும் எடுத்துத் தரணும்.

என் கடன்ல இன்னும் நாலு தவணைதான் பாக்கி. இங்க பேசப்போறேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட அனுமதி கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சார். "சொல்லு, எங்க அப்பா மாதிரி இன்னொருத்தர் போகக் கூடாது. ஆனா என் பேரைச் சொல்லாத"ன்னார். அதனால இதுவரைக்கும் அவர் பேரைச் சொல்லலை. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.